தலைவர் தெரிந்தெடுத்த கூலர்

உடப்பு மீனவர் சங்கத்தின் கம்பியூட்டர் மறுபடியும் சூடேறி அணைந்தது. உப்புக் காற்று பட்டால் துருப்பிடிக்கும் என்று தலைவர் கதிரேசன் அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை மடியில் செருகியிருந்தார்.

கம்பியூட்டருக்குள் சூட்டைத் தணிக்கிற கூலர் எரிந்துவிட்டதாம். புதியதைத் தெரிவுசெய்யக் கூட்டம் கூடியது. தண்ணீர் ஓடும் கூலர்தான் கடல் சனங்களுக்குப் பொருத்தம் என்றார் பொருளாளர். தலைவருக்கோ கோபுரம் போல் உயர்ந்து, கலர் லைற் மின்னுகிற கூலர்தான் வேண்டும்.

"ஐயா, அலுமாரியைத் திறந்து விட்டாலே காத்து வருமே," என்றாள் சங்கத்தில் கணக்கெழுதும் எழுதுவினைஞர் சுலக்ஷனா.

"பிள்ளை, இது பெரிய ஆக்கள்ற கதை. நீ தேத்தண்ணியைக் கொண்டு வா," என்றார் தலைவர்.

சுலக்ஷனா பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

கோபுரக் கூலர் வந்தது. அதைப் பொருத்தியதும், அதன் உயரத்தால் கம்பியூட்டர்ப் பெட்டியின் பக்கத் தகடு மூடவில்லை. அலுமாரிக் கதவும் மூடவில்லை. கடற்காற்று உள்ளே புகுந்தது. அன்று முழுக்கக் கம்பியூட்டர் ஒருதரமும் அணையவில்லை.

"பாத்தியா பிள்ளை, கூலர் எண்டா இது!" தலைவர் பூரித்துப்போனார்.

மறுநாள் காலை சுலக்ஷனா வந்தபோது தச்சர் அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பெரிய அலுமாரி," என்றார் தலைவர். "இந்தமுறை ஒரு ஊசி ஓட்டைகூட இருக்கப்படாது."