வெளியிடுவோர்: ச. பிலோமினா

எழில்மொழிக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. இந்த முறை சந்தேகம் முதலாளி மேலேயே.

சந்தியாப்பிள்ளை தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து அகதியாகத் தோணியில் வந்தவர். முகாமில் ஜெபத்தாள் விற்று, அப்புறம் தஞ்சாவூர் கீழவாசலில் கிறிஸ்தவப் பதிப்பகம் தொடங்கி, முப்பது வருடத்தில் எழுபத்திரண்டு புத்தகங்கள் போட்டுவிட்டார். ஜெபமாலை, தபசுகாலத் தியானம், அறுவடை மன்றாட்டு என்று டெல்டாவில் அவர் புத்தகம் போகாத மாதா கோயில் இல்லை. ஆனால் ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: 'வெளியிடுவோர்: ச. பிலோமினா, தோணித்துறைத் தெரு, நாகப்பட்டினம்.' அதற்குக் கீழே, அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, 'பிழை திருத்தம்: எழில்மொழி.'

அந்தப் பிலோமினாவை அவள் ஆறு வருடத்தில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. ஒரு போன் வந்ததில்லை. கேட்டால், "அவள் வரமாட்டாள், பிள்ளை" என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைத் துடைப்பார். இதென்ன பதில்?

கணவன் பரிதி வேறு கிளறிவிட்டான். "நாளைக்கு ஏதாச்சும் கேஸுன்னு வந்தா, அவர் பேரு அதுல இல்ல. அந்தம்மா யாருன்னே தெரியல. போலீஸ் யாரைத் தேடி வரும்? உன்னைத்தான்."

ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்துக்கே பஸ் ஏறிவிட்டாள். ஆட்டோக்காரர் அப்சர் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார்: "நான் பொறந்து வளர்ந்த ஊரு அக்கா இது. அப்படி ஒரு தெருவே கெடையாதுங்க."

அடப்பாவி மனுஷா! திங்கட்கிழமை புதுப் புத்தகத்தின் கடைசிப் புரூஃப் அவள் மேஜைக்கு வந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மழுப்புவார் என்று நினைத்தாள். சிவப்புப் பேனாவால் பிலோமினாவை அடித்து, 'அ. சந்தியாப்பிள்ளை, கீழவாசல், தஞ்சாவூர்' என்று எழுதி அச்சகத்துக்கு அனுப்பினாள். மாட்டினால் அவரே மாட்டட்டும்.

புத்தகக் கட்டுகள் வந்து இறங்கின. அவர் எப்போதும்போல முதல் பிரதியை எடுத்து, முன்னுரையைக்கூடப் பார்க்காமல் வெளியிடுவோர் பெயர் இருக்கும் பக்கத்துக்கே போனார். விரல் நின்றது.

"பிள்ளை, பிலோமினா எங்க?"

"நான்தான் எடுத்தேன். அப்படி ஒரு தெருவும் இல்ல, ஆளும் இல்லைங்களே, ஐயா."

"இல்லைதான். என்ட மகள். ஏழு வயசு. தோணியில வரேக்க அலை கொண்டு போயிட்டுது." கண்ணாடியைத் துடைத்தார். "உடம்பு கிடைக்கேல்ல. கல்லறையும் இல்ல. அப்பதான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினவள். அவளின்ட பேர் அச்சிலயாவது இருக்கட்டுமெண்டு..."

ஒற்றுப்பிழையைக்கூட விடாத எழில்மொழி, அந்த 'ச' யாருடைய முதலெழுத்து என்று ஒருமுறையும் யோசிக்கவில்லை.

அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் தேவலை. புத்தகத்தைக் கட்டின் மேல் வைத்துவிட்டு, "ஆயிரம் பிரதியும் அடிச்சாச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஆச்சுங்க, ஐயா" என்றாள்.