இடப்பக்கத்து அம்புக்குறி

சாக்பீஸ் கரும்பலகையின் நடுவிலிருந்து கிளம்பி வலப்பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கிறது, லேசாகக் கிறீச்சிட்டு, நடுங்கி, பிறகு நேராகி, அம்மா போடும் கோடு எப்போதும் நேர்தான், அளவுகோல் வேண்டியதில்லை, வலது ஓரத்துக்குப் போய் ஓர் அம்புக்குறி வைக்கிறாள், கோடு, பிள்ளைகளா, கோட்டுக்கு முடிவே கிடையாது, அதைக் காட்டத்தான் ரெண்டு பக்கமும் அம்புக்குறி போடுதோம், என்கிறாள், கோட்டின் இடது முனை மொட்டையாக நிற்கிறது, அதற்கு அப்பால் பலகை வெறும் கறுப்பு, நான் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன், அவள் இடுப்பைத் தாங்கிப் பிடித்தபடி, கழுத்துப் பட்டையில் தொங்கும் அவளுடைய இடது கை என் மேல் இடித்துக்கொண்டிருக்கிறது, ஏட்டி, எங்க போயிட்ட, டஸ்டரை எடு, என்று அம்மா வலப்பக்கம் திரும்பி, யாருமில்லாத இடத்தைப் பார்த்து என்னைக் கேட்கிறாள்.

எங்கள் ஊர் நாசரேத்தில் எப்சிபா டீச்சர் என்றால் கணக்கு, ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆறாம் வகுப்புக்கு வடிவியலை அம்மாதான் திறந்துவைப்பாள், பலகையில் சாக்பீஸால் ஒரே ஒரு தட்டு, இது என்னது, புள்ளி டீச்சர், என்று வகுப்பே கத்தும், இல்ல, இது சாக்பீஸ் தூசி, புள்ளியை யாரும் பாத்ததில்ல, அதுக்கு நீளம் கிடையாது, அகலம் கிடையாது, இடம் மட்டுந்தான் உண்டு, என்பாள், நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், மூன்றாவது பெஞ்சில், அம்மாவை டீச்சர் என்று கூப்பிட நாக்கு வராமல், தெரிந்த பதிலையும் சொல்ல முடியாமல், வீட்டுல பேசுத வாயை எங்கட்டி வச்சிட்டு வந்த, என்று எல்லோர் முன்னாலும் கேட்பாள், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கிவிட்டேன், இன்னும் நாலு பேர் முன்னால் நின்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, குருத்தோலை ஞாயிறு அன்று கோவிலில் பாட்டுக்கு எழுந்த அம்மா எழுந்த வாக்கிலேயே சரிந்தபோதும் எனக்குச் சத்தம் வரவில்லை, பக்கத்திலிருந்தவர்கள்தான் கத்தினார்கள், ஓலைகள் காலடியில் மிதிபட்டன, அது நடந்ததா, பிறகு கனவில் திரும்பத் திரும்ப வந்ததா என்று இப்போது பிரிக்க முடியவில்லை, கனவில் கோவிலுக்கு ஒரு பாதிதான் இருக்கிறது, பாடுகிறவர்களுக்கும் ஒரு பாதி வாய்தான், யாரும் அதைக் கவனிப்பதில்லை.

பக்கவாதம் என்று ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிறகு பேச்சு அப்படியே இருந்தது, கேலியும் அப்படியே, இடது கைதான் எழவில்லை, கால் இழுத்து இழுத்து நடந்துவிட்டது, நாங்கள் தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம், பிறகு ஒரு காலையில் தட்டின் வலப்பக்கத்து இட்லியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, என்னட்டி, பத்தியமா, ஒண்ணுதானா, என்று கேட்டாள், இடப்பக்கத்தில் இன்னொன்று சட்னியோடு இருந்தது, நான் தட்டைத் திருப்பி வைத்தேன், இப்பம் வச்சிட்டியே, இதை முதல்லயே வச்சா என்ன, என்று தின்றாள், எனக்குச் சிரிப்பு வந்தது, தலை சீவிவிடு என்று சொல்லாமல் அவளே சீவிக்கொண்டு வந்தாள், வலப்பக்கம் படிய வாரியிருந்தது, இடப்பக்கம் தூங்கி எழுந்தபடியே கிடந்தது, எப்படி இருக்கேன், என்றாள், எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பாளையங்கோட்டையில் அந்த இளம் டாக்டர் ஒரு வெள்ளைத் தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு, டீச்சர், இதுக்கு நடுவுல ஒரு புள்ளி வைங்க, என்கிறார், அம்மாவுக்கு ஒரே வேடிக்கை, காம்பஸ் இருந்தா தாங்க டாக்டர், வில் வெட்டி முறையா இருசமக்கூறிட்டுத் தாரேன், என்கிறாள், அவர் சிரித்து, சும்மா கண்ணளவுல வைங்க, போதும், என்கிறார், அம்மா பேனாவை வாங்கி, கோட்டை ஒரு தரம் பார்த்து, தயங்காமல், வலது முனைக்குப் பக்கத்தில் புள்ளியை வைக்கிறாள், விடைத்தாளைப் போல அவரிடம் நீட்டி, முழு மார்க் உண்டுமா, என்று கேட்கிறாள், டாக்டர் தாளைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார், நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் ஏமாற்றவில்லை, தடுமாறவில்லை, அவளுக்குத் தெரிந்த கோட்டுக்கு அதுதான் நடு, அவளுடைய கோடு எங்களுடையதைவிடச் சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான்.

வெளியே தாழ்வாரத்தில் டாக்டர் மெதுவாகச் சொன்னார், கண்ணில் கோளாறு இல்லை, மூளை இடப்பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவில்லை என்பதும் அவங்களுக்குத் தெரியாது, பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம், வகுப்பு எடுக்கத் தகுதி என்று நான் இப்போ எழுதித் தர முடியாதும்மா, நீங்களே பக்குவமா சொல்லிருங்க, நான் தலையாட்டினேன், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா பேசிக்கொண்டே வந்தாள், ஆறாங்கிளாஸ் பாடத்தை வச்சு என்னையே சோதிக்காரு பாரு, திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கு, சர்டிபிகேட் தபால்ல வருமா, நாம போய் வாங்கணுமா, நான் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சமையலறையில் சன்னமாகச் சொல்லிப் பார்ப்பேன், கூடத்துக்கு வருவதற்குள் அது கரைந்துபோகும், அம்மா பழைய கரும்பலகையை இறக்கித் துடைக்கச் சொன்னாள், பக்கத்து வீட்டு ஜெபினும் அனிஷாவும் இந்த வருஷம் ஆறாம் வகுப்பு, ரெண்டையும் கூப்பிடு, விட்டுப்போனா கை மறந்துரும், என்றாள், சனிக்கிழமை சாயங்காலம் இரண்டும் நோட்டோடு வந்து பாயில் உட்கார்ந்தன.

உட்கார்ந்திருக்கின்றன, ஜெபின் தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்க்கிறான், டீச்சர், இந்தப் பக்கம் அம்பு போடல, என்கிறான், போட்டிருக்கம்ல, கண்ணைத் துடைச்சிட்டுப் பாரு, என்று அம்மா சிரிக்கிறாள், இல்ல டீச்சர், ஒரு பக்கந்தான் இருக்கு, அப்பம் இது கோடு இல்ல, கதிர், எங்கக்கா சொல்லித் தந்தா, அம்மாவின் முகம் சிவக்கிறது, நாப்பது பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு நீ பாடம் நடத்துதியால, அனிஷா பயந்துபோய் எழுந்து வந்து மொட்டை முனையில் விரல் வைத்து, இங்க டீச்சர், என்கிறாள், அம்மா பலகையில் தேடுகிறாள், எங்கட்டி நிக்க, குரல் கேக்கு, ஆளைக் காணோம், ஜெபின் களுக்கென்று சிரித்து, பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறான், ஏட்டி, நீ சொல்லு, நீ படிச்சவதானே, ரெண்டு பக்கமும் போட்டிருக்கா இல்லையா, என்று அம்மா என்னைக் கேட்கிறாள், வலப்பக்கத்துச் சுவரைப் பார்த்துக் கேட்கிறாள்.

நான் அவளுடைய வலது கையைப் பிடிக்கிறேன், விரலை அவள் போட்ட கோட்டின் மேலேயே வைத்து இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறேன், கை முதலில் வருகிறது, பிறகு கனக்கிறது, எங்கட்டி கூட்டிட்டுப் போற, என்கிறாள், குரலில் முதல்முறையாகப் பயம், கோடுதாம்மா, உங்க கோடுதான், இன்னும் இருக்கு, என்கிறேன், விரல் முனைக்கு வந்து நிற்கிறது, சுற்றிலும் தடவிப் பார்க்கிறாள், அம்புக்குறியின் தூசி எங்கும் இல்லை, இந்தப் பக்கம் நான் போடலையா, என்று விரலை எடுக்காமலே கேட்கிறாள், டாக்டர் பேப்பர்லயும் இப்படித்தான் செஞ்சேனா, நான் தலையாட்டுகிறேன், என் தலையாட்டல் அவளுக்குக் கிடையாது, வாயைத் திறந்தே ஆக வேண்டும், ஆமாம்மா, என்கிறேன், சர்டிபிகேட்டும் அவர் தரலம்மா.

அம்மா சாக்பீஸை எடுக்கிறாள், விரல் இருந்த இடத்திலேயே, அந்த மொட்டை முனையில் ஒரு புள்ளி வைக்கிறாள், அழுத்தி, இது கதிர், பிள்ளைகளா, ஒரு பக்கம் ஆரம்பம் உண்டு, இன்னொரு பக்கம் போய்க்கிட்டே இருக்கும், எழுதிக்கோங்க, நான் அப்பமே சொன்னம்லா, என்கிறான் ஜெபின், சொன்னல, நீதாம்ல கெட்டிக்காரன், என்கிறாள், நாற்காலியில் அவளை உட்காரவைக்கிறேன், எச்.எம்முக்கு போன் போட்டுச் சொல்லிரு, திங்கக்கிழமை நான் வரலன்னு, என்று மடியைப் பார்த்துச் சொல்கிறாள், சாக்பீஸை என் பக்கம் நீட்டுகிறாள், அதாவது நான் இல்லாத பக்கம், நான் சுற்றிப் போய் வாங்கிக்கொள்கிறேன், தளம் இன்னும் பாக்கி இருக்கு, நீ எடு, என்கிறாள், இரண்டு பிள்ளைகளும் என்னைப் பார்க்கிறார்கள், தளம் என்பது எல்லாப் பக்கமும் எல்லையின்றி விரிவது, இந்த ஒரு வரிதான், எல்லாப் பக்கமும் என்ற சொல்லை இவள் முன்னால் எப்படிச் சொல்வேன், சொல்லாமல் எழுதிவிடலாம் என்று பலகையின் இடது ஓரத்துக்குப் போகிறேன், சாக்பீஸ் கிறீச்சிடுகிறது, தளம் என்று எழுதி, அடிக்கோடிட்டு, ஒரு நாற்கரம் வரையத் தொடங்குகிறேன், பிள்ளைகள் பலகையைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள், பின்னாலிருந்து அம்மா பொறுமையாக, அன்பாகக்கூட, கேட்கிறாள், என்னட்டி, இன்னும் ஒண்ணும் எழுதலையா, வெக்கப்படாத, ஆரம்பி.