ஏம்புள்ள, இது எந்த ஊரு?

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஈஸ்வரமூர்த்திக்குக் கால் தரையில் நிற்காது. பெருந்துறைத் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவரை கோயமுத்தூருக்கு ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும்தான் போயிருக்கிறார். இப்போது அந்த ஊரைத் தெருத் தெருவாக நடந்தே பார்த்துவிடுவது என்று கிளம்பியிருந்தார். காந்திபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அப்புறம் ஆட்டோவும் கிடையாது, டவுன் பஸ்ஸும் கிடையாது. சாப்பாடு வீட்டிலிருந்து. டீ மட்டும் கடையில்.

அவர் மனைவி பாவாத்தாளுக்கு முதல் இரண்டு மாதம் முட்டி வலித்தது. அப்புறம் அவளுக்கும் பிடித்துப்போயிற்று. வழியைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. முன்னால் போகிற சட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் எப்படியும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வந்துவிடும்.

அன்றைக்கு ரேஸ்கோர்ஸைச் சுற்றிவிட்டு, ரயில்வே ஸ்டேஷன் வழியாக டவுன்ஹால் வந்து, மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டார்கள். கார்த்திகை மாதத்திலும் வெயில் காந்தியது. ஈஸ்வரமூர்த்தி கடையில் ஐஸ் தண்ணீர் வாங்கி, பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"உக்கடத்துக் குளத்தப் பாத்துப்போட்டு ஊட்டுக்குப் போயிரலாம்" என்று சோற்றுப் பாத்திரம் இருந்த மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பெரிய கடை வீதியில் நாலைந்து கடை தாண்டியிருப்பார்கள். சட்டென்று நின்றார்.

"ஏம்புள்ள, இது எந்த ஊரு?"

பாவாத்தாள் சிரித்தாள். "ஏனுங்க, வெளையாட்டா?"

"சொல்லு புள்ள."

முகத்தில் விளையாட்டு இல்லை. "கோயமுத்தூருங்க. டவுன்ஹாலு. ஊரு சுத்திப் பாக்க வந்தமல்லங்க?" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பத்தடி நடந்தார். மறுபடி நின்றார்.

"ஏம்புள்ள, இது எந்த ஊரு?"

அதே குரல், அதே தலைச் சாய்ப்பு. முதல் தடவை கேட்டதே நடக்காத மாதிரி. பாவாத்தாள் மறுபடி பதில் சொன்னாள். மூன்றாவது தடவை கேட்டார். அதற்கும் சொன்னாள். நாலாவது தடவை வேறு ஒன்று கேட்டார்.

"லோகப்பிரியாளுக்கு காலேஜுப் பரீச்சை எப்ப முடியுது?"

மகள் லோகப்பிரியாவுக்குக் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். அவளுடைய மூன்று வயதுப் பையனைப் போன வாரம்தான் இவர் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு சந்தைக்குப் போனார். அந்தக் குழந்தை இவர் மனதில் இப்போது எங்கே இருக்கிறது?

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது ஞாபகம் வந்தது. "ரெண்டு கையும் தூக்குங்க" என்றாள். தூக்கினார். வாய் கோணவில்லை, கால் இழுக்கவில்லை. ஆள் அப்படியே இருந்தார், உள்ளேதான் யாரோ விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது.

ஒரு கடைப்படியில் அவரை உட்காரவைத்தாள். "அசையாதீங்க. அந்த மருந்துக் கடையில கேட்டுப்போட்டு வாரேன்."

இரண்டு கடை தள்ளித்தான். ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டுத் திரும்பினாள். படி காலியாக இருந்தது. இருவருக்கும் சேர்த்து இருந்த ஒரே போன் அவள் கையில்தான் இருந்தது.

வந்த பக்கம் எது, போகிற பக்கம் எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இத்தனை மாதம் நடந்தும் ஒரு தெருவின் பேரைக்கூட அவள் வாசித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டே போனது. எந்தச் சட்டையைப் பார்த்தாலும் அவருடைய நீலச் சட்டையாகத் தெரிந்தது. ஓடிப்போய் ஒருவர் கையைப் பிடித்தாள். அவர் திரும்பினார். வேறு யாரோ. முப்பத்து நாலு வருடத்தில் ஒருநாளும் அவள் கணவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நடுத்தெருவில் நின்று கத்தினாள்.

"ஈஸ்வரமூர்த்தீ!"

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் திரும்பவில்லை.

"என்னக்கா ஆச்சு? யாரைத் தேடுறீங்க?" என்று ஒரு பெண் வந்து தோளைப் பிடித்தாள். சாஜிதா பேகம் என்று பேர். அந்தத் தெருவிலேயே தையல் கடை வைத்திருப்பவள்.

"எங்க ஊட்டுக்காரருங்க. திடீர்னு நெனப்பு போயிருச்சுங்க. எந்த ஊருன்னே தெரியலீங்க அவருக்கு" என்றாள் பாவாத்தாள்.

சாஜிதா என்ன சட்டை, எப்படி இருப்பார், கையில் என்ன என்று மட்டும் கேட்டாள். கோட்டைமேட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் தன் தம்பி ரசாக்குக்குப் போன் போட்டாள். "நீலக் கோடு போட்ட சட்டை, நரைச்ச மீசை, கையில மஞ்சப் பை. பாத்தா பேசி நிறுத்தி வை." பிறகு இருவரும் சந்து சந்தாக நடந்தார்கள். கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் அடையாளம் சொல்லிக் குரல் கொடுத்தார்கள். பஸ்ஸின் பிரேக் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாவாத்தாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அரைமணி நேரம் கழித்து ரசாக் கூப்பிட்டார். உக்கடம் போகிற ரோட்டோரம்.

ஓடினார்கள். ஈஸ்வரமூர்த்தி மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். ரசாக் அவர் முழங்கையைப் பிடித்திருந்தார். போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்து, "என்ற சம்சாரத்தப் பாத்தீங்களா?" என்று ஈஸ்வரமூர்த்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

பாவாத்தாளைக் கண்டதும் ரசாக்கின் பிடியை விடுவித்துக்கொண்டு வந்தார். "எங்க புள்ள போயிட்ட? உன்னயத் தேடித் தேடிப் பயந்தே போயிட்டேன்."

அவள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏம்புள்ள, இது எந்த ஊரு?"

ரசாக் ஆட்டோவை நிறுத்தினார். சாஜிதாவும் கூடவே ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "பக்கவாதம் இல்லைம்மா. நினைவு மட்டும் கொஞ்ச நேரம் பதியாம நின்னு போகும். வெயில்ல ரொம்ப நடந்து, திடீர்னு குளிர்ந்த தண்ணி பட்டா சிலருக்கு இப்படி வரும். தானே சரியாயிடும். பெரும்பாலும் திரும்ப வராது."

பெரும்பாலும் என்ற சொல் பாவாத்தாளின் காதில் தங்கிவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கேள்விகள் இடைவெளி விட்டு வந்தன. பிறகு நின்றன. ஈஸ்வரமூர்த்தி மின்விசிறியைப் பார்த்தார், சாஜிதாவைப் பார்த்தார். "இவங்க யாரு? நாம ஏன் ஆஸ்பத்திரில இருக்கறோம்?" என்றார். தக்காளிச் சோறு சாப்பிட்டதுவரை ஞாபகம் இருந்தது. பாவாத்தாள் பேரன் பேரைக் கேட்டாள். டக்கென்று சொன்னார். அப்போதுதான் அவள் அழுதாள்.

ஊருக்கு வந்ததும் அவர் அதை யாருக்கோ நடந்த கதை மாதிரி சிரித்துச் சிரித்துச் சொன்னார். அந்த நாலு மணி நேரம் அவருக்கு நடக்கவே இல்லை. பயம் முழுவதும் அவள் பங்குக்கு வந்தது. அவர் கொல்லைப்பக்கம் போய்ச் சித்த நேரம் சத்தம் இல்லாவிட்டால், அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

தை மாதம் அவர் மெதுவாகக் கேட்டார். "போலாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "போலாங்க. வழிய மொதல்ல எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

நாலு நாள் உட்கார்ந்து காலண்டர்த் தாளின் பின்பக்கம் தெருக்களை வரைந்து மனப்பாடம் செய்தாள். காந்திபுரத்தில் இறங்கியதும், வெயிலுக்கென்று வாங்கிய தொப்பியை அவர் தலையில் வைத்துவிட்டு முன்னால் நடந்தாள். ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டு வாசித்தாள். நாலு கடைக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவர் வந்துகொண்டுதான் இருந்தார். ஆனாலும் பார்த்தாள்.