வைரக்கண்ணு வீட்டுத் தென்னை

கயித்த வுடு புள்ள என்று வைரக்கண்ணு இழுக்கிறார், வுடமாட்டேண்ணே என்று தையல்நாயகி இழுக்கிறாள், படகில் கட்டுகிற தடித்த நீலக் கயிறு இரண்டு பேர் கையிலும் விறைத்து நிற்கிறது, அதன் மறுமுனை தென்னையின் கழுத்தில் ஏற்கெனவே ஏறிவிட்டது, நான் என் அடுப்பங்கரை ஜன்னலில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், கீரை முடிந்துவிட்டது, காம்பை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், சண்டையில் நியாயம் யார் பக்கம் என்பது எனக்கு எப்போதுமே இரண்டாம்பட்சம், அவ்வளவு உயரத்தில் ஏறி முடிச்சுப் போட்டது யார், அதைச் சொல்லுங்கள் முதலில், தையல்நாயகி மரம் ஏறுகிறவள் இல்லை, அவள் புருஷன் உத்திராபதி வாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறவர், மகள் தேன்மொழி தையல் மிஷினைவிட்டு எழுந்திருப்பதே அதிசயம், அப்படியென்றால் யார்.

தென்னை வைரக்கண்ணுவுடையது, ஆனால் அவர் வேலிக்குள் நின்றுகொண்டு தையல்நாயகியின் ஓட்டு வீட்டின் மேல்தான் சாய்ந்திருந்தது, உத்திராபதியின் கட்டிலுக்கு நேர் மேலே, அது சாய்ந்து எத்தனையோ வருஷம், யாருக்கும் உறுத்தவில்லை, புயல் காலத்துக்கு முன்னால் மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு பெண் வந்து, தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள், மாத்திரையை எடுத்து வையுங்கள், கூரை மேல் சாய்ந்த மரத்தை வெட்டுங்கள் என்று படம் போட்டுக் காட்டினாள், தெருவே முறுக்குக்கும் டீக்கும் போயிருந்தது, தையல்நாயகி மட்டும் காது கொடுத்துக் கேட்டுத் தொலைத்தாள், மறுநாளே மூடி போட்ட டிரம் வாங்குகிறாள், அவல் வாங்குகிறாள், அண்ணே அந்த மரத்த எடுத்துருங்கண்ணே, அவர நவுத்த நாங்க ரெண்டு பொம்பளைங்க போதாது, காத்தடிக்கையில யாரக் கூப்புடுவேன் என்கிறாள், வைரக்கண்ணு சிரிக்கிறார், சிரிப்பதற்குக் காரணம் உண்டு, எங்கள் தெருவில் எல்லைக்குக் கல் நடுவதில்லை, கல்லை நகர்த்திவிடலாம், தென்னையை நகர்த்த முடியாது, அது நிற்கிற இடம்தான் எல்லை, ஆக மரம் போனால் எல்லை போச்சு, புயலாவது மண்ணாவது, வேலிய ஒரு முழம் தள்ளிப் போடப் பாக்குறா என்றார் அவர், இருக்கும் இருக்கும் என்றோம் நாங்கள், நான் கொஞ்சம் சத்தமாகவே.

வெட்ட விடவில்லை என்றதும்தான் இந்தக் கயிறு, தென்னையின் கழுத்திலிருந்து வைரக்கண்ணு வீட்டுக்கு அந்தாண்டை நிற்கிற புளியமரம் வரை, வடக்கே இழுத்துக் கட்டினால் வாடைக்காற்றுக்குத் அவள் வீட்டின் மேல் விழாதாம், வைரக்கண்ணுவுக்குச் சந்தேகம் இரட்டித்துவிட்டது, மரத்த இழுத்து எங்க வூட்டு மேல சாய்க்கிறியா, இல்லண்ணே நேரா நிக்கட்டும்னுதாண்ணே, எனக்கோ இன்னொன்று இடித்தது, இவ்வளவு வசவிலும் அந்த அண்ணே மட்டும் ஏன் வாயிலிருந்து உதிரவே இல்லை, கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் வந்து, கயிறுதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார், படகுக் கயிறு இவளுக்கு ஏது என்று அப்போதே ஒருவராவது கேட்டிருக்கலாம், எங்கள் தெருவில் கடலுக்குப் போகிறவன் ஒருத்தன்தான், வைரக்கண்ணுவின் மகன் செழியன், நாங்கள் எல்லையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

விடியும்போது வந்தது காற்று, வடக்கேயிருந்து, ஓடுகள் சீட்டுக்கட்டு மாதிரி பறந்ததை நான் பார்த்தேனா, பரணுக்கடியில் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துக்கொண்டேனா, இப்போதும் கனவில் அந்தத் தென்னை குனிந்து குனிந்து தையல்நாயகியின் வீட்டை எட்டிப் பார்க்கிறது, கயிறு அதைப் பின்னந்தலையில் பிடித்து இழுக்கிறது, பிறகு சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது, வெயில்கூட அடித்தது, புயல் முடிந்தது என்று தெருவே வாசலுக்கு வந்தது, வந்ததும் என்ன செய்தோம், விழுந்த தேங்காயைப் பொறுக்கினோம், நாம் பொறுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி பொறுக்கிவிடுவாள் அல்லவா, வைரக்கண்ணு சாக்கோடு இறங்கினார், தையல்நாயகி கொல்லைக் கதவைத் திறந்து கத்துகிறாள், அண்ணே உள்ள போங்க, இது புயலோட நடுக்கண்ணு, எதிர்க்காத்து இப்ப வரும், கூட்டத்துல சொன்னாங்கல்ல, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நான் உள்ள போனா நீ வெளிய வருவ, எனக்குத் தெரியாதா புள்ள என்கிறார், இன்னும் ஒரு காயைச் சாக்கில் போடுகிறார், உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எதிர்க்காற்று தெற்கேயிருந்து ஒரே அறையாக அறைந்தது, சாக்கு பறந்தது, அவர் விழுந்தார், கைக்கு அகப்பட்டது அந்தக் கயிறுதான், வேருக்கருகில் சுற்றிவிட்டிருந்த மிச்சக் கயிறு, அதைப் பிடித்து ஊர்ந்து ஊர்ந்து வேலியைக் கடந்தவரைத் தையல்நாயகி கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவை அடைக்கவும், தென்னை வடக்கே சாயவும் சரியாக இருந்தது, அவர் சந்தேகப்பட்டபடியே அவர் வீட்டின் மேல்தான் விழுந்தது, வீட்டில் ஆள் இல்லை, பெண்டாட்டி எப்போதோ போய்ச்சேர்ந்துவிட்டாள், மகன் எங்கே என்று அலறப்போனவர் அறையைப் பார்க்கிறார், உத்திராபதியின் கட்டிலை மூலைக்கு நகர்த்தித் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் செழியன், கால்மாட்டில் தேன்மொழி, தையல்நாயகி டிரம்மைத் திறந்து அவல் கொடுத்தாளாம், சாப்புடுங்கண்ணே என்றாளாம்.

அண்ணன் மகனுக்கு முறைப்பெண், ஊர் என்ன சொல்ல முடியும், தையில் கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் பல்லடத்துக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள், வைரக்கண்ணு தார்ப்பாயைப் போட்டுக்கொண்டு தன் வீட்டிலேயே படுக்கிறார், சாப்பாடு மட்டும் அங்கே, எல்லை எங்கே என்று இப்போது அவரும் கேட்பதில்லை, அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை, பிரசவத்துக்கு வந்த தேன்மொழியோடு செழியனும் வந்திருக்கிறான், தையல்நாயகி வீட்டு உத்தரத்தில் தொட்டில், ஆட்டுவதற்கு ஒரு நீலக் கயிறு, கயித்த வுடு புள்ள நான் ஆட்டுறேன் என்று வைரக்கண்ணு இழுக்கிறார், நீங்க வேகமா ஆட்டுறீங்க, வுடுங்கண்ணே என்று தையல்நாயகி இழுக்கிறாள், நான் கீரையை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வருகிறேன், தொட்டில் கம்பில் விழுந்திருக்கிற அந்தத் தென்னங்கழுத்து முடிச்சை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.