ராகுகாலம் முடிந்ததும் வந்த அழைப்புகள்

குத்தாலம் கடைத்தெருவில் அப்துல் ரஹ்மானின் உதிரிபாகக் கடைக்கு அன்று ஏழு மணிக்கே ஷட்டர் ஏறிவிட்டது. வழக்கமாக ஒன்பதரைக்கு முன்னால் அவரை அங்கே பார்த்தவர்கள் கிடையாது. சம்பா அறுவடைக்கு அறுப்பு மெஷின்களை வாடகைக்கு விடுகிறவர் அவர். யார் வயலுக்கு மெஷின் முதலில் இறங்குவது என்று வருஷா வருஷம் நடக்கும் சண்டையில் நொந்துபோய், இந்தத் தடவை மிஸ்டு கால் முறைக்கு மாறியிருந்தார். திங்கள்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், வரிசை எண் குறுஞ்செய்தியாக வந்துவிடும்.

அதற்கான நிரலை எழுதியவள் உள்ளூர்ப் பெண் செம்மொழி. நாளெல்லாம் ஒரு கணினியை ஓடவிட்டுக் காத்திருக்கிற வேலையே அவளிடம் இல்லை. நிரல் பாட்டுக்கு மேகக் கணினியில் தூங்கிக்கொண்டிருக்கும். அழைப்பு வந்தால் எழுந்து, பதில் சொல்லிவிட்டு, மறுபடி படுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட நிரல்களை ரூபி என்ற கணினி மொழியில் எழுதுகிறவர்களுக்கென்று ஒரு சின்ன உதவித் தொகுப்பை அவளே செய்திருந்தாள். வந்த அழைப்பைப் பிரித்துக் கொடுக்கும், பதிலைக் கட்டி அனுப்பும், அவ்வளவுதான். வேறு எந்தத் தொகுப்பையும் துணைக்கு இழுக்காது. எடையே இல்லாததால் நெட்டி என்று பெயர் வைத்தாள். தஞ்சாவூர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய கோயில் செய்து விற்பார்களே, தக்கை மாதிரி வெள்ளையாக, அந்த நெட்டி.

இதே வேலைக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றும் வாசலில் நின்றது. அவர்களுடைய ஏற்பாடு யானை மாதிரி, எழுந்திருக்கவே பத்து விநாடி பிடிக்கும். ஆனாலும் வந்திருந்த ஆள், நெட்டியை விளையாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டுப் போனார். செம்மொழிக்கு அது இன்னும் ஆறவில்லை.

"இன்னைக்கு ஒழுங்கா ஓடுனா உன்னோடதையே வச்சுக்கறேம்மா" என்றார் ரஹ்மான். "ஓடலன்னா நான் மெட்ராஸ்காரங்ககிட்டப் போயிடுவேன். நீ மனசுல வச்சுக்கக் கூடாது."

ஏழரை ஆயிற்று. ஓர் அழைப்பும் வரவில்லை. எட்டு ஆயிற்று. மடிக்கணினித் திரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. செம்மொழி தன் போனிலிருந்தே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்தாள். கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நெட்டியிடம் குற்றமில்லை, ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

எட்டரைக்கு ரஹ்மான் தயங்கித் தயங்கி, "அவங்களுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கவாம்மா?" என்றார். செம்மொழி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பாப்போம் பாய்."

போனைக் கையில் வைத்தபடியே ரஹ்மான் எதிர் டீக்கடையைப் பார்த்தார். பெஞ்சு நிறைய விவசாயிகள். எல்லார் கையிலும் போன், ஒருவரும் காதில் வைக்கக் காணோம். டீக்கடைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரஹ்மான் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஏழரைன்னு நேரம் குறிச்சது யாரு?"

"நான்தான். ஏன்?"

"திங்கக்கெழம ஏழரையிலேருந்து ஒம்பது ராகுகாலம்மா. அறுப்புக்குச் சொல்ற நேரமா அது? நான் கடையத் தொறக்கறதே அதுக்கப்புறம்தான், எனக்கே நெனப்பு வரல பாரு."

செம்மொழிக்கு எங்கிருந்து தெரியும்? அவள் அப்பா அறிவுச்செல்வன் வேண்டுமென்றே ராகுகாலம் பார்த்துத் தாலியில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவர். வீட்டுக் காலண்டரில் தேதியைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் தாள் ஒட்டிவிடுவார். அப்படி வளர்ந்த பெண் வேறு எந்த நேரத்தைக் குறித்திருப்பாள்!

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. காலை முழுக்க ஒன்றிரண்டாக வரும் என்று நினைத்திருந்த அழைப்புகள் இப்போது ஒன்பது அடித்ததும் ஒட்டுமொத்தமாக வந்து விழப்போகின்றன. ஒவ்வோர் அழைப்புக்கும் நிரலின் ஒரு நகல் தனியாகத் தூக்கம் கலைந்து எழ வேண்டும். மூன்று விநாடிக்குள் பதில் போகாவிட்டால் தொலைபேசிக்காரர்கள் அந்த அழைப்பைக் கைகழுவிவிடுவார்கள். கைவிடப்பட்டவன் வயலில் முற்றின கதிர் கிடக்கும், வானத்தில் வேறு மேகம் கூடிக்கொண்டிருந்தது.

"தாங்குமாம்மா?"

"தாங்கும் பாய்" என்றாள். சொன்ன பிறகுதான் பயந்தாள்.

டீக்கடைக் கடிகாரத்தில் ஒன்பது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கட்டைவிரலை அழுத்தினார்கள். திரையில் வரிகள் மடை திறந்த மாதிரி ஓடத் தொடங்கின, கண்ணால் பிடிக்க முடியவில்லை. குத்தாலம் மட்டுமில்லை, சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்திருக்கிறது. செம்மொழி ஒரு சிவப்பு வரியைத் தேடினாள். கைவிடப்பட்ட அழைப்பு சிவப்பில் வரும். கடைசி வரி வரை தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை.

எதிரே போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுத்தன. ஒரு மா துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த ராமாயி எழுந்து நின்று, "எனக்கு ரெண்டாவது வந்திருக்கு" என்று பெஞ்சு முழுக்கக் காட்டினாள். மிராசு குஞ்சிதபாதம் தன் போனைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "நமக்கு நாப்பத்தொண்ணு" என்றார். அவர் வயலில்தான் செம்மொழியின் தாத்தா காலமெல்லாம் கதிர் அறுத்தார். மிராசு முகத்தைச் சுளிக்கவில்லை, இன்னொரு டீ சொன்னார். செம்மொழிக்கு நெஞ்சு விம்மியது. ஆமாம், பெருமைதான், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது!

ரஹ்மான் சென்னைக்கு அங்கேயே போன் போட்டார். "வேணாங்க. ஒரே நேரத்துல அத்தனை கால் வந்தும் எங்க ஊருப் பொண்ணு எழுதுனதே பிரமாதமா ஓடுது" என்றார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஒரே நேரத்துல இத்தனை கால் வந்தும் எப்படித் தாங்குச்சு, அதை எங்க வாங்கறதுன்னு கேக்குறாங்கம்மா. அவங்களுக்கும் வேணுமாம். என்ன சொல்ல?"

"எல்லாரும் எடுத்துக்கட்டும்னுதான் இன்டர்நெட்டுல இலவசமாப் போட்டிருக்கேன் பாய், தாராளமா எடுத்துக்கச் சொல்லுங்க. மொத வரியில என் பேரும் குத்தாலம்னு ஊர்ப் பேரும் இருக்கும். அதை மட்டும் அழிக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க."