மறுபதிவு நீக்கிக்கு எழுதிய குறிப்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு காலி அறையிலிருந்து கிடைத்தது. டயாலிசிஸ் பிரிவு, எட்டு இயந்திரங்கள், எட்டுச் சாய்வு நாற்காலிகள். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே இருவர்தான் வந்திருந்தார்கள். இயந்திரங்களில் பழுதில்லை. தண்ணீரும் மின்சாரமும் இருந்தன. வர முடியாது என்று யாரும் சொல்லவில்லை. மற்ற ஆறு பேர் எங்கே?

[முதல் வரைவு: “அந்த அறையில் மயான அமைதி நில—” பொய். சிஸ்டர் போனில் கத்திக்கொண்டிருந்தார்.]

2

அந்த மருத்துவமனையின் மென்பொருள் கருவிகளுக்குக் குறிப்பு எழுதுவதுதான் நம் நாயகியின் வேலை. அவளுடைய அண்ணன் அந்த ஆறு பேரில் ஒருவர். சிஸ்டர் கூப்பிட்டதும் மூன்றாம் மாடியிலிருந்து ஓடிவந்தவள் அவருக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, எங்க இருக்க?”

“வீட்லதான். இன்னைக்கு எனக்கு லீவு. ரத்துன்னு மெசேஜ் அனுப்பிட்டாங்களே! அந்தச் சந்தோஷத்துல ரெண்டு துண்டு தர்பூசணி கூட உள்ள தள்ளிட்டேன்.”

சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் அந்தப் பழத்தின் பொட்டாசியம் வெளியேற வழியில்லை. அளவு மீறினால் இதயம் நின்றுவிடலாம்.

“உடனே கெளம்பி வா. அண்ணிகிட்ட போனக் குடு!”

கணினியில் அண்ணனின் பெயரைத் தட்டினாள். அந்த மாதத்தில் மீதியிருந்த பத்து டயாலிசிஸ் முன்பதிவுகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது: முப்பதாம் தேதி. மற்ற ஐவருக்கும் அப்படியே. வந்திருந்த இருவருக்கும்கூட அப்படித்தான். அவர்கள் மெசேஜ் படிக்கிற பழக்கமில்லாதவர்கள்.

(பொறுத்துக்கொள்ளுங்கள், இதை விளக்காமல் என்னால் நகர முடியாது. போன மாதம் வரவேற்புப் பிரிவுக்கு ஓர் ஏஐ ஏஜென்ட் வந்தது. நாம் சொல்லும் வேலைக்குப் பொருத்தமான கருவியைத் தானே தேர்ந்து இயக்கும். எப்படித் தேர்கிறது? ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பத்திக் குறிப்பு உண்டு, அதைப் படித்துத்தான். வார்டுக்குள் எட்டிப் பார்க்கவோ பக்கத்து மேசையில் கேட்கவோ அதற்கு வழியில்லை.)

செவ்வாய் மாலை வரவேற்புப் பிரிவின் மேற்பார்வையாளர் அதனிடம், “முன்பதிவுகளை ஒழுங்குபடுத்து” என்றார். அது ‘மறுபதிவு நீக்கி’யின் குறிப்பைப் படித்தது: “ஒரே நபருக்குப் பல முன்பதிவுகள் இருந்தால், கடைசியானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும்; அவருக்கும் தகவல் அனுப்பும்.”

எழுதியவள் அவள்தான்.

3

இந்த இடத்தில் ஏஜென்டை வில்லனாக்கப் பார்த்தேன். [“குளிர்ந்த கண்களோடு அது—” கண்ணே கிடையாது.] சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. குறிப்பிலும் ஒரு சொல் தப்பில்லை.

சரி, இவள் விவரம் தெரியாதவளா? அண்ணனை வாரம் மூன்று முறை அந்த நாற்காலியில் உட்கார வைப்பவள்! என் கதாபாத்திரத்தையே நான் சந்தேகித்தது இங்கேதான். சிஸ்டர் கேட்டபோது பதிலை அவளே சொன்னாள்.

“அந்த மறுபதிவு நீக்கி பட்டன இங்க யாருமே தொட மாட்டோமேம்மா. ஒருதரம் வந்துபோற கண் பிரிவு, தோல் பிரிவுக்குத்தான அது? உனக்குத் தெரியாதா?”

“தெரியும் சிஸ்டர். எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் எழுதல.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது: அந்த ‘எல்லாருக்கும்’ என்பதில் ஏஜென்ட் சேர்த்தியில்லை.

4

ஒரு வரைவில் அண்ணன் வந்துசேரவில்லை. இரண்டு வரி எழுதினேன், கிழித்துவிட்டேன். விட்டுப்போன ஒரு வரியின் கனத்தைக் காட்ட ஓர் ஆளைக் கொல்ல வேண்டுமா? இன்னொன்றில் ஏஜென்ட் உருக்கமாக மன்னிப்புக் கேட்டது. அதுவும் குப்பைக்கு.

நடந்தது இது. சிஸ்டரும் அவளும் ஆறு வீடுகளுக்கும் போன் போட்டார்கள். பத்தரைக்குள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். அண்ணனின் ரத்த அறிக்கையைப் பார்த்த டாக்டர் உடனே அவரை முதல் இயந்திரத்தில் போட்டார். குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் அண்ணனுக்கு வாய்த்துடுக்கு திரும்பியது.

“வாத்தியாரம்மா, மிஷினுக்கெல்லாம் பத்தி பத்தியா பாடம் எடுக்கிற. எனக்கு ஒரு வரி, ‘மெசேஜ நம்பாதே’ன்னு எழுதித் தரக் கூடாதா?”

அவள் ஆறாவது எண்ணை மறுபடி போட்டுப் பார்த்தாள்.

ஆறாவது ஆளின் போன் அணைந்திருந்தது. அவர் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் போயிருக்கிறது. ஓட்டுநர் கதவைத் தட்டுவதுவரைதான் எழுதுவேன். யார் திறந்தார்கள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் மூன்று முறை எழுதிப் பார்த்து, மூன்று முறையும் பயந்து எழுந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் அவள் செய்ததை மட்டும் சொல்கிறேன். கருவியை ஏஜென்டின் கையிலிருந்து எடுத்தாள். குறிப்பைப் புதிதாக எழுதி, அதன் கடைசி வரி வெறும் எழுத்தாக நிற்காதபடி, நிரல் எழுதுபவரைக் கூப்பிட்டு அதைக் கருவிக்குள்ளேயே பூட்டாக வைக்கச் சொன்னாள். ஒப்புதல் இல்லாமல் நீக்கச் சொல்லிச் சோதித்தார்கள்; கருவி மறுத்தது. புதிய குறிப்பு இது:

“டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுத்தாதே, அங்கே ஒரே நபருக்குப் பல முன்பதிவுகள் இருப்பதே சரி. நீக்கியதை மீட்க முடியாது. முதலில் ஒத்திகையாக மட்டும் இயக்கு. நீங்கப்போகும் பெயர்களைப் பட்டியலிட்டு அந்தப் பிரிவின் சிஸ்டரிடம் காட்டு. அவர் ஒப்புதல் பதிவாகாமல் இந்தக் கருவி எதையும் நீக்காது.”