துடக்கு வீட்டில் வைஃபை

வயர்லெஸ் என்பது இயற்பியல். அதில் தெய்வத்துக்கோ அதிர்ஷ்டத்துக்கோ கைராசிக்கோ இடமில்லை. ஆகவே மோடத்தைக் கையால் தொடுகிறவன் நெட்வேர்க் படித்தவனே அல்ல. பல்கலைக்கழகத்தில் நெட்வேர்க் படிக்கும் உமாசுதன் இதை ஒருநாளும் பகிடியாகச் சொன்னதில்லை.

மல்கிரேவிலிருந்து டண்டினொங் வரை எந்தத் தமிழ் வீட்டில் இன்டர்நெட் படுத்துவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். போவான், தேத்தண்ணி குடிப்பான், தன் லேப்டொப்பை மடியில் விரிப்பான், இருந்த கதிரையை விட்டு எழும்பாமலே திருத்திவிட்டு வருவான். டொக்டர் என்ன நெஞ்சைப் பிளந்தா பார்க்கிறார், குழாயை வைத்துத்தானே கேட்கிறார் என்பது அவன் நியாயம். மோடத்தைத் தூக்கிக்கொண்டு யன்னல் யன்னலாகத் திரிகிறவர்களை அவனுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அவனோடு வாடகை வீட்டில் இருக்கும் லோஜன் ஒருநாள் கிரிக்கெட் பார்ப்பதற்காக அதைத் தலைக்குமேல் ஏந்தி நின்றான். உமாசுதன் அந்தக் கதையை யூனியில் ஒரு தவணை முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

"காவடி தூக்கினாலாவது முருகன் திரும்பிப் பாப்பான். மோடத்தைத் தூக்கினா ஆர் பாக்கிறது?"

இப்படிப்பட்டவனை ஒரு யூலை மாதச் சனிக்கிழமை மத்தியானம் புஸ்பராணி அன்ரி டண்டினொங்குக்குக் கூப்பிட்டார். அவருடைய தகப்பனார் முதல்நாள் ஊரில், கோப்பாயில் காலமாகிவிட்டார். இன்றைக்குச் செத்தவீடு. அன்ரி பிளேன் ஏறியிருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அவருடைய தம்பி தருமராசாவால் பிளேன் ஏறவே முடியாது. படகில் வந்தவர். கையில் இருந்த விசாவோடு இந்த நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. அங்கே போய் இறங்கினாலும் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவாரா என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒரே ஆம்பிளைப் பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டியவர் அவர். இப்போது அதை ஒரு மச்சான் வைக்கப் போகிறான். அங்கே நின்று எல்லாவற்றையும் காட்டப் போவது ஒன்றுவிட்ட தம்பி சிறிதரன். பெட்டி மூடுமுன் தகப்பனின் முகத்தை ஸ்கைப்பில் ஒருமுறை பார்க்கவேண்டும். தருமராசா கேட்டது அவ்வளவுதான்.

உமாசுதன் போனபோது அவர் விறாந்தையில் நிலத்தில் இருந்தார். முன்னால் ஒரு முக்காலியில் பழைய லேப்டொப். பற்றரி செத்தது. சுவரில் செருகியிருந்த வயரைக் கழற்றினால் அப்படியே அணைந்துவிடும். திரையில் மண்ணிறமும் வெள்ளையுமாகச் சில சதுரங்கள் நின்றன. அவற்றில் எது தகப்பன், எது பந்தல் என்று சொல்ல முடியவில்லை. சிறிதரனின் குரல் இடையிடையே வந்து போனது.

"கேக்குதோ... அண்ணை... கேக்..."

"நேற்றுக் காலமை கிளியரா இருந்தது, தம்பி," என்றார் தருமராசா. "அப்பா ஆஸ்பத்திரியில இருக்கேக்க. மூக்குக்குள்ள வச்ச ரியூப்கூடத் தெரிஞ்சது."

"அங்கால பக்கம் இன்டர்நெட் டொங்கிள் ஸ்லோவா இருக்கும், அண்ணை."

அங்கால பக்கத்தைக் குறைசொல்லித் தொடங்குவது தொழில் மரபு. ஆனால் வேகத்தை அளந்து பார்த்தபோது குறை இந்தப் பக்கத்தில் இருந்தது. உமாசுதன் கதிரையில் இருந்தபடியே வேலையை ஆரம்பித்தான். வைஃபை சனலை மாற்றினான். பக்கத்து வீட்டுக்காரர் யாரும் களவாக உள்ளே இருக்கிறார்களா என்று பார்த்தான். இருக்கவில்லை. செத்தவீடு முடியும்வரை அடுப்பு மூட்டக்கூடாது என்று அயலார் கொண்டுவந்த சாப்பாட்டை அன்ரி மைக்ரோவேவில் சூடாக்கிக்கொண்டிருந்தார். அது சிக்னலைக் குழப்பும் என்று நிறுத்தச் சொன்னான். வயரில்லாத வீட்டுப் போனையும் நிறுத்தச் சொன்னான். அதற்குப் பிறகு துக்கம் விசாரிக்கவும் ஒருவராலும் முடியவில்லை. சதுரங்கள் அசையவில்லை.

கேபிள் ஒன்று கொண்டு வந்திருக்கலாம். கேபிளோடு போவது தோல்வியோடு போவது என்பது அவன் கொள்கை. தன் போனிலிருந்து இணைப்புக் கொடுக்கலாம் என்றால், அதிலிருந்த டேட்டாவை மாதத் தொடக்கத்திலேயே தின்று தீர்த்திருந்தான். அவனுடைய லேப்டொப்பில் ஸ்கைப் இல்லை, இந்த வேகத்தில் இறக்கவும் முடியாது.

மோடம் இதே வீட்டுக்குள் இருக்கிறது. சிக்னலோ பாதாளத்திலிருந்து வருவதுபோல் வந்தது. கடைசியில் அவன் வாழ்க்கையில் முதல்தரமாக அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"அன்ரி, மோடம் எங்க இருக்கு?"

அன்ரி சொல்லத் தயங்கினார். பிறகு குசினிப் பக்கம் கையைக் காட்டினார்.

பிரிட்ஜுக்கு அங்கால், மூலையில், சாமி அலுமாரி நின்றது. சென்னையிலிருந்து கப்பலில் எடுப்பித்தது. இரண்டு கதவிலும் மேலிருந்து கீழ்வரை பித்தளைத் தகடு. கதவுகள் சாத்தியிருந்தன. மேலே வெள்ளைத் துணி போட்டிருந்தது.

"போன் வயர் வாற இடம் அதுதானே," என்றார் அன்ரி. "சாமியிட்ட இருந்தா ஒரு துணையாயும் இருக்கும் எண்டு உள்ளுக்க வச்சனாங்கள். கதவு எந்த நாளும் திறந்துதான் கிடக்கும். நேற்றுச் செய்தி வந்தவுடன, வெளியாள் எண்டபடியா பக்கத்து வீட்டு நாகேஸ்வரி வந்து சாத்திப்போட்டுப் போனவ. சாவு நடந்தா வீட்டுக்குத் துடக்கெல்லே, சாமியைத் தொடேலாது."

உமாசுதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவனுடைய பாடப்புத்தகத்தில் இதற்குப் படமே இருந்தது, அலுமாரிக்குப் பதிலாக ஒரு உலோகப் பெட்டி.

"பித்தளைக்குள்ளால சிக்னல் வராது, அன்ரி. கதவைத் திறந்தாச் சரி."

"முப்பத்தோராம் நாள் முடியுமட்டும் நாங்கள் அதில கை வைக்கேலாது, தம்பி. நாகேஸ்வரியும் வேலைக்குப் போட்டா."

"சிக்னலுக்குத் துடக்கு இல்லை, அன்ரி."

வேறு எந்த நாளிலும் எடுபடக்கூடிய பகிடி அது. சொல்லி முடித்த பிறகு அது விறாந்தையில் அப்படியே நின்றது.

லேப்டொப்பிலிருந்து சிறிதரனின் குரல் ஒருதரம் முழுசாக வந்தது. "ஐயர் வந்திட்டார், அண்ணை. சுண்ணம் இடிச்சு முடிய வாய்க்கரிசி. பிறகு பெட்டி மூடிப்போடுவினம்."

தருமராசா எழும்பினார். நேரே அலுமாரியடிக்குப் போய் வெள்ளைத் துணியின் ஓரத்தைப் பிடித்தார். புஸ்பராணி அன்ரி தடுக்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தருமராசா துணியைப் பிடித்தபடியே நின்றார். அப்புறம் கையை எடுத்தார்.

"கொள்ளி வைக்கவேண்டியவன் நான்," என்றார். "அதுவும் செய்யேல்ல. துடக்கை எண்டாலும் ஒழுங்காக் காப்பம், அக்கா."

திரும்பி வந்து, அந்தச் சதுரங்களுக்கு முன்னால் பழையபடி இருந்தார்.

உமாசுதன் தன் லேப்டொப்பை மூடினான்.

"அன்ரி, நான் வெளியாள்தானே. நான் திறக்கட்டோ?"

அன்ரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் இஞ்ச வந்து துடக்கு வீட்டில இருந்திட்டீர். முழுகாமத் தொடக்கூடாது. மச்சம் மாமிசம் ஏதும் சாப்பிட்டனீரோ?"

இணையம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதற்கான கேள்விகள் அவனுக்குப் பாடமாகத் தெரியும். இது அவற்றில் இல்லை. ஸ்டேஷனடியில் அவன் ஒரு கெபாப் சாப்பிட்டிருந்தான்.

"ஓம் அன்ரி."

"அப்ப வடிவா முழுகும்."

டண்டினொங்கில் யூலைதான் குளிர்காலம். அந்த வீட்டுக் குழாயில் சுடுதண்ணி வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவன் காத்திருக்கவில்லை. பற்கள் கிட்டிக்கக் குளிர்தண்ணியில் முழுகினான். உறை பிரிக்காத புது வேட்டியொன்றை அன்ரி கதவிடுக்கால் நீட்டினார். வேட்டி கட்டிப் பழக்கமில்லை. சுற்றிச் செருகிக்கொண்டு, தலையால் தண்ணி வடிய வந்து, துணியை விலக்கிக் கதவைத் திறந்தான். உள்ளே கற்பூர மணம். மேல்தட்டில், பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில், நெற்றியில் சந்தனப் பொட்டோடு, மோடம் பச்சையாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

துடக்கு வீட்டில் சாமிக் கதவைத் திறந்தபடி விடவும் கூடாது என்பதால் அதை வெளியே எடுத்தான். வயர் ஒரு எட்டுத் தூரம்தான் வந்தது. கதவைச் சாத்தித் துணியை இழுத்துவிட்டு, பக்கத்திலிருந்த கதிரையில் வைக்கக் குனிந்தான்.

"வையாதையும், தம்பி," என்றார் அன்ரி மெல்ல. "அதில நான் இருந்தனான். சாமியிட்டத் திரும்பப் போற சாமான். துடக்கு வீட்டுச் சாமான் ஒண்டிலயும் படக்கூடாது."

அவன் சுற்றிப் பார்த்தான். அந்த வீட்டில் துடக்குப் படாத இடம் என்று முழுகிய அவனுடைய இரண்டு கைகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

நெஞ்சளவில் பிடித்தான். விறாந்தையில் குரல் அறுந்து அறுந்து வந்தது. இடையில் நின்ற பிரிட்ஜ்தான் மறிக்கிறது என்று தெரிந்தது. தோளளவுக்கு உயர்த்தினான். பிறகு பிரிட்ஜுக்கு மேலால் தெரியும்படி, தலைக்குமேல்.

"இப்ப தெரியுதோ, அண்ணை?" என்றது சிறிதரனின் குரல், பக்கத்து அறையில் நின்று கேட்பதுபோல.

தருமராசா இருந்தபடியே முக்காலிக்குக் கிட்ட அரக்கிப் போனார். "அப்பாக்கு ஷேவ் எடுக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"எடுத்தது, அண்ணை. வடிவா எடுத்தது. விபூதி பூசினதில அப்பிடித் தெரியுது."

"ம்."

உமாசுதன் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது. பிரிட்ஜுக்கு மேலால் தருமராசாவின் முதுகும் தலையின் பின்பக்கமும் மட்டும் தெரிந்தன. சுண்ணம் இடிக்கிற உலக்கைச் சத்தம் கேட்டது. பறை கேட்டது. பெண்களின் அழுகை எழுந்தது. இந்தப் பக்கத்தில் புஸ்பராணி அன்ரி அதோடு சேர்ந்து, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார். முடியிலிருந்து தண்ணி அவன் முதுகால் இறங்கியது. தோள்மூட்டு கடுக்கத் தொடங்கியது. கையை ஒரு சாண் இறக்கிப் பார்த்தான். பறை பாதியில் அறுந்தது. தருமராசா திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்தது. உமாசுதன் கையைப் பழையபடி உயர்த்தினான். பறை திரும்ப வந்தது. அந்த முதுகு இளகியது.

வாய்க்கரிசி போட்டார்கள். யாரோ எல்லோரையும் விலகச் சொன்னார்கள்.

"கடைசியாப் பாருங்கோ, அண்ணை," என்றான் சிறிதரன்.

பலகை பலகையோடு பொருந்துகிற சத்தம் ஒரு இடத்திலும் அறுபடாமல் வந்தது. தருமராசா அப்போதுதான் அழுதார்.

பிறகு அங்கே பெட்டியோடு நடக்கிற கால்கள்தான் கேட்டன. ஒழுங்கையில் நாய் ஒன்று, பறை தூரப் போவது. காட்டுவதற்கு இனி ஒன்றுமில்லை என்று சிறிதரன் சொன்னான். தருமராசா லைனை வெட்டச் சொல்லவில்லை. உமாசுதனும் கையை இறக்கவில்லை.